வாய்தா

1948 டிசம்பரில் ஐன்ஸ்டீனின் வயிற்றைத் திறந்து பார்த்தார் டாக்டர் ருடால்ஃப் நிஸ்ஸன். இதயத்திலிருந்து கிளம்பும் மெயின் பைப்பான மகாதமனி, வயிற்றுப் பகுதியில் பெரிய சாத்துக்குடி சைஸுக்கு வீங்கியிருந்தது. வெட்டியெடுத்து வேறு குழாய் வைக்கும் வித்தை அன்றைக்கு இல்லை. செல்லோஃபேன் தாளைச் சுற்றிவிட்டார். ஆமாம், சிகரெட் பாக்கெட் மேல் மினுமினுக்குமே, அதேதான். அந்நியப் பொருள் உறுத்தினால் உடம்பு தழும்பை வளர்க்கும். தழும்பு சுவரைத் தாங்கும் என்று கணக்கு. சிரிக்காதீர்கள், ஆறு வருடத்துக்கு மேல் தாங்கியது.

1955 ஏப்ரலில் கசிய ஆரம்பித்தது. அதற்குள் முறையான ஆபரேஷன் வந்துவிட்டது. செய்து பார்க்கலாம் என்றார்கள். ஐன்ஸ்டீன் மறுத்துவிட்டார். செயற்கையாக ஆயுளை இழுப்பது ரசனைக் குறைவாம். மூக்குக்கண்ணாடியும் கணக்குத் தாள்களும் கேட்டு வாங்கிக்கொண்டார். 18-ம் தேதி அதிகாலையில் போய்விட்டார். வயது 76.

மகாதமனி ரிப்பேர் என்பது விடுதலை அல்ல, வாய்தா. இன்றைக்கும் அப்படித்தான். தைத்த இடம் மறுபடி வீங்கலாம், செயற்கைக் குழாயில் கிருமி புகலாம், அடுத்த துண்டு பலவீனமாகலாம். அதனால்தான் ஆயுசுக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். சரி, முதல் வாய்தா வாங்கியவர் இரண்டாவதையும் வாங்கியே ஆகவேண்டுமா?

'வேண்டியதில்லை, அவர் உயிர், அவர் இஷ்டம்' என்பீர்கள். அவசரப்படாதீர்கள். மைக்கேல் டிபேகி என்றொரு அமெரிக்க சர்ஜன். 1950-களில் மனைவியின் தையல் மிஷினில் டேக்ரான் துணியைத் தைத்து செயற்கைத் தமனி செய்தவர். (டேக்ரான் வேறொன்றுமில்லை, நம் அப்பாக்கள் பெருமையாகப் போட்டுக்கொண்ட டெரிலீனின் உடன்பிறப்பு.) 2005-ன் கடைசி நாளில், 97 வயதில், அவருக்கே மகாதமனி கிழிந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்றார். 2006 பிப்ரவரியில் நினைவு தப்பியது. ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு ராத்திரியில் கூடி விவாதித்தது. செய்தே தீரவேண்டும் என்று மனைவி அடம்பிடித்தார். அவரோடு வேலை பார்த்தவர்களே கத்தியை எடுத்தார்கள். அப்புறம் வென்டிலேட்டர், டயாலிசிஸ், மாதக்கணக்கில் படுக்கை. எழுந்து வந்தவர், நல்லவேளை செய்தீர்கள் என்றார். 2008 ஜூலை வரை இருந்தார்.

வேண்டாம் என்ற டிபேகி, நன்றி சொன்ன டிபேகி. எந்த டிபேகியின் பேச்சைக் கேட்பது? பிழைத்தவர் மட்டும்தான் சாட்சி சொல்ல வருகிறார் என்பதையும் கவனியுங்கள். நான் பி.காம். படித்தவன். கேட்காமல் அடுத்தவர் பணத்தை எடுத்து ஷேரில் போட்டு, லாபம் வந்துவிட்டால் எடுத்தது நியாயமாகிவிடாது. அந்தக் கணக்குப்படி டாக்டர்கள் செய்தது தப்பு.

ஆனால் அன்று ராத்திரி அந்த அம்மாள் இடத்தில் நான் இருந்திருந்தால், நானும் அடம்பிடித்திருப்பேன். பிழைத்து எழுந்து உட்கார்ந்து, வேண்டுமட்டும் என்னைத் திட்டட்டுமே.