குருதியின் கடன்

மருத்துவ ஆய்வுக்கு ஒருவர் தம் உடலை உட்படுத்தும்போது அதற்கு இசைவு அளிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதும், அந்த ஆய்வில் பிறக்கும் அறிவு யாருக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதும் ஒரே கேள்வியாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பதையும், இரண்டுக்கும் ஒரே விடையைத் தேடுவதால் அறம் பிழைபடக்கூடும் என்பதையும் மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் வரலாறு தெளிவாக உணர்த்துகிறது. 1948-இல் தொடங்கப்பட்ட கானா பல்கலைக்கழகத்தின் அங்கமாக நொகுச்சி நினைவு மருத்துவ ஆய்வு நிறுவனம் 1979 முதல் லெகோனில் இயங்கிவருகிறது. மஞ்சள் காய்ச்சலை ஆராய வந்து 1928-இல் அக்ராவில் அதே நோய்க்கு உயிரிழந்த ஜப்பானிய அறிஞர் ஹிடெயோ நொகுச்சியின் பெயரை அது தாங்கியுள்ளது. அதே பல்கலைக்கழகத்தின் மெய்யியல் துறையில் பணியாற்றிய குவாசி விரெடுவும் குவாமே ஜெச்சேயும், மனிதன் என்பவன் யார் என்பது குறித்து அகான் மக்களிடையே வழங்கிவரும் சிந்தனையை நவீன மெய்யியலின் விவாதப் பொருளாக்கினர். ஆய்வகத்தின் அறத்தை ஆராய்வோர் இந்த மெய்யியலாளர்களுக்குச் செவிகொடுப்பது பயனுள்ளது.

இன்று உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ள ஆய்வறம் தனிமனிதனை அடித்தளமாகக் கொண்டது. நாஜி மருத்துவர்களின் கொடுமைகளை விசாரித்த நீதிமன்றம் 1947-இல் வகுத்தளித்த நியூரம்பர்க் நெறிகள், ஆய்வுக்கு உட்படுபவர் தாமே விரும்பி அளிக்கும் இசைவை முதல் நிபந்தனையாக வைத்தன. உலக மருத்துவச் சங்கம் 1964-இல் வெளியிட்டுப் பின்னர் பலமுறை திருத்திய ஹெல்சிங்கி பிரகடனம், குடும்பத்தாரையோ ஊர்த் தலைவர்களையோ கலந்துகொள்வது பொருத்தமாக இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டாலும், முடிவெடுக்கும் ஆற்றலுள்ள எவரையும் அவரது சொந்த இசைவின்றி ஆய்வில் சேர்க்கக் கூடாது என்று வரையறுக்கிறது. ஆய்வின் நோக்கம், முறை, தீங்கு, பயன் ஆகியவற்றை உணர்ந்த பின் தரப்படுவதால் இது அறிந்தளிக்கும் இசைவு எனப்படுகிறது. உடல் அதை உடையவருக்கே உரியது என்ற எண்ணம் இதன் அடியில் நிலைகொண்டுள்ளது.

கானா மக்களுள் ஏறத்தாழப் பாதியினரான அகான் மக்களின் மரபுச் சிந்தனையோ உடலை வேறு விதமாகப் பார்க்கிறது. இறைவனாகிய ஒன்யாமே அளிக்கும் உயிர்க்கூறான ஒக்ரா, ஒருவரின் ஆளுமைக்கும் குணத்துக்கும் காரணமான சுன்சும், தாயின் வழியாக வந்துசேரும் குருதியான மொஜா ஆகியவை கூடியே மனிதன் உருவாகிறான் என்பது அம்மரபின் கொள்கை. இவற்றுள் குருதியே ஒருவரைத் தாய்வழிக் குடியாகிய அபுசுவாவில் உறுப்பினராக்குகிறது. மரபுரிமையும் ஈமக் கடமையும் அந்தக் குடிவழியைப் பின்பற்றியே அமைகின்றன. எனவே ஊசிக்குழலில் ஏறும் குருதி, இச்சிந்தனையின்படி, ஒரு தனி உடலின் திரவமாக மட்டும் இருப்பதில்லை. முன்னோரிடமிருந்து பெறப்பட்டுப் பின்னோருக்குச் செல்லவேண்டிய குடியின் பங்காகவும் இருக்கிறது. கானாவில் எல்லா இனத்தாரும் இக்கொள்கை உடையவர்கள் அல்லர். ஆயினும் மனிதனை உறவுகளின் வழியே அறிந்துகொள்ளும் போக்கு அப்பகுதியில் பரவலாகக் காணப்படுகிறது.

இந்தப் பார்வையிலிருந்து எந்த முடிவுக்கு வருவது என்பதில் மெய்யியலாளர்கள் ஒன்றுபடவில்லை. நைஜீரியாவைச் சேர்ந்த இஃபீனி மென்கிட்டி, சமூகமே ஒருவரை முழு மனிதராக்குகிறது என்றும், அந்நிலை படிப்படியாக அடையப்படுவது என்றும் வாதிட்டார். மனிதத்தன்மை அளவில் கூடவும் குறையவும் கூடிய ஒன்று என்ற கருத்தை விரெடுவும் ஆதரித்தார். ஜெச்சேயோ, சமூகத்துக்கு உயர்ந்த இடம் தந்தபோதும், ஒக்ரா இறைவனிடமிருந்தே நேராக வருவதால் ஒவ்வொருவரிடமும் எந்தச் சமூகமும் வழங்காத, எந்தச் சமூகமும் பறிக்க முடியாத மதிப்பு ஒன்று இருக்கிறது என்று வற்புறுத்தினார். மிதமான சமூகமையவாதம் என்று அவர் பெயரிட்ட இந்நிலைப்பாடு, தனிமனித உரிமையையும் குடியின் உரிமையையும் ஒருசேர ஏற்கிறது. குருதி குடியைச் சார்ந்தது, உயிர் இறைவனைச் சார்ந்தது என்னும் இரட்டை உறவில் ஒன்றை மற்றொன்றுக்குப் பலியிட வேண்டியதில்லை என்பதே இதிலிருந்து ஆய்வறம் பெறக்கூடிய பாடம்.

இப்பாடத்தின் கனத்தை 1927-இல் நிகழ்ந்த ஒன்று காட்டுகிறது. இன்றைய கானாவின் வோல்ட்டா பகுதியிலுள்ள க்பெவே என்னும் ஊரில் மஞ்சள் காய்ச்சல் கண்டிருந்த அசிபி என்ற இளைஞரிடமிருந்து அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் குருதி எடுக்கப்பட்டு, ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட ரீசஸ் குரங்கு ஒன்றுக்குச் செலுத்தப்பட்டது. அசிபி பிழைத்துக்கொண்டார்; குரங்கு இறந்தது; அந்நோயை ஆய்வகத்தில் ஆராயும் வழி அதனால் திறந்தது. ஆய்வாளர்களுள் ஒருவரான ஏட்ரியன் ஸ்டோக்ஸ் சில மாதங்களுக்குள் அதே நோயால் லாகோஸில் மாண்டார். அக்குருதியிலிருந்து பெறப்பட்டு, அசிபியின் பெயராலேயே வழங்கப்படும் வைரஸ் வகையை மாக்ஸ் தைலரும் அவருடைய குழுவினரும் கோழிக் கருத் திசுக்களில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைத்து, 1937-இல் 17டி எனப்படும் தடுப்பூசியை அறிவித்தனர். தைலருக்கு 1951-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று உலகில் செலுத்தப்படும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிகள் அனைத்தும் அந்த ஒருவரின் குருதியிலிருந்து பெற்ற வைரஸின் வழிவந்தவை. இருந்தும், 2021-இன் இறுதியில் கானாவின் சவானா பகுதியில், தடுப்பூசி எட்டாதிருந்த மேய்ச்சல் நாடோடி மக்களிடையே மஞ்சள் காய்ச்சல் மீண்டும் பரவி உயிர்களைப் பறித்தது. அசிபியிடம் முறையாக இசைவு பெறப்பட்டிருந்தது என்றே கொண்டாலும், அவர் வாழ்ந்த மண்ணுக்கு அந்த அறிவு பட்டிருந்த கடன் அந்த இசைவினால் தீர்ந்திருக்காது.

மருத்துவ அறிவின் இயல்பே இதற்குக் காரணம். கானாவின் வட எல்லையை ஒட்டிய நவ்ரோங்கோவில் 1989 முதல் 1991 வரை இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், குறிப்பிட்ட கால இடைவெளியில் வைட்டமின் ஏ கொடுக்கப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு 19 சதவீதம் குறைந்தது. சத்தில்லாத போலி மருந்து பெற்ற குழந்தைகளின் இழப்போடு ஒப்பிட்டதால்தான் இவ்வுண்மை வெளிப்பட்டது. அக்குழந்தைகளுக்கு அந்த ஆய்வால் நேரடியாகக் கிடைத்தது ஒன்றுமில்லை, அவர்களால் பயனடைந்தவர்கள் பின்னால் பிறந்தவர்கள். அதே இடத்தில் பூச்சிமருந்து தோய்த்த கொசுவலைகளைப் பற்றி நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. வலை பெற்ற வீடுகளுக்கு அருகில் வலையின்றி வாழ்ந்த குழந்தைகளும் ஓரளவு காக்கப்பட்டார்கள் என்பதும், தொலைவு கூடக்கூட அந்தக் காப்பு குறைந்தது என்பதும் அங்கே தெரியவந்தன. ஒருவர் உறங்கும் வலை அண்டை வீட்டுக் குழந்தைக்கும் அரணாகிறது என்றால், அந்தப் பயனைத் தனித்தனி மனிதருக்குரியதாகப் பிரித்தளக்க இயலாது.

இத்தகைய ஆய்வுகளுக்கு முன்னால் தலைவர்களையும் மூத்தோரையும் கண்டு, தர்பார் என்று அங்கே வழங்கும் ஊர்க்கூட்டத்தில் ஆய்வின் நோக்கத்தை எடுத்துரைத்து, கேள்விகளுக்கு விடையளிக்கும் வழக்கம் கானாவில் உண்டு. தலைவரின் சொல்லுக்குப் பணிந்தவர்கள் பின்னர் மறுக்கத் துணிவார்களா என்று எழும் ஐயம் நியாயமானதே. கூட்டத்தின் சம்மதத்தைத் தனிமனிதரின் சம்மதமாக எண்ணிக்கொள்ளும் ஆய்வாளர், ஜெச்சே வற்புறுத்திய அந்தப் பறிக்க முடியாத மதிப்பை மீறியவராவார். ஊர்க்கூட்டம் தரக்கூடியது ஊருக்குள் நுழைந்து பேசும் அனுமதி மட்டுமே. ஒருவரின் உடலைத் தொடும் அனுமதியை அவரே தரவேண்டும்.

அதற்காக ஊர்க்கூட்டத்தை வெறும் சடங்காக்கிவிடவும் கூடாது. வோல்ட்டா பகுதியிலேயே உள்ள ஹோஹோவேயில் நடைபெறவிருந்த எபோலா தடுப்பூசிச் சோதனை, மக்களிடையே எழுந்த அச்சத்தாலும் எதிர்ப்பாலும் 2015 ஜூன் மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. தனிமனிதர்கள் பலர் இசைந்திருக்கக்கூடும்; ஆனால் இந்தச் சோதனையில் தங்களுக்கு நேர்வது என்ன, தங்களுக்குக் கிடைப்பது என்ன என்று மக்கள் கூட்டாக எழுப்பிய வினாவுக்குத் தனிமனித இசைவுப் படிவத்தில் விடை இல்லை. காம்பியாவில் குருதி எடுக்கும் ஆய்வுகளை மக்கள் எப்படி நோக்குகிறார்கள் என்பதை ஆராய்ந்த மானுடவியலாளர்கள் ஜேம்ஸ் ஃபேர்ஹெட்டும் மெலிசா லீச்சும் அவர்களுடைய சகாக்களும், எடுக்கப்படும் குருதியையும் பதிலாகக் கிடைக்கும் மருத்துவத்தையும் பெற்றோர்கள் சீர்தூக்கிப் பார்த்தே முடிவெடுத்தனர் என்று காட்டியுள்ளனர். அறியாமை என்று எளிதில் ஒதுக்கப்படும் அந்த அச்சத்தில் நீதி பற்றிய தெளிவான ஒரு கணக்கு இருக்கிறது.

ஆகவே, மறுக்கும் உரிமை தனிமனிதருக்கு உரியது. பெறும் உரிமை சமூகத்துக்கு உரியது. முதலாவதை எந்தத் தலைவரும் தந்தையும் கணவரும் கைக்கொள்ளக் கூடாது. இரண்டாவதை எந்தப் படிவமும் கையொப்பமும் முடித்துவைக்க இயலாது. ஓர் ஊரின் குருதியிலிருந்து பெற்ற அறிவு, மருந்தாகவும் தடுப்பூசியாகவும், அந்த ஆய்வைத் தாமே நடத்தும் ஆற்றல் வாய்ந்த பல்கலைக்கழகங்களாகவும் அந்த ஊரைச் சென்றடையும் வரையில் ஆய்வு முடிந்ததாகக் கருதப்படலாகாது. ஆய்வுத் திட்டங்களை மதிப்பிடும் அறநெறிக் குழுக்கள், பங்கேற்பவர் எப்படி இசைந்தார் என்று கேட்கும் அதே கண்டிப்போடு, விளைந்த நன்மை எந்த ஆண்டில், எந்த வழியில், யாருடைய பொறுப்பில் அந்த மக்களைச் சென்று சேரும் என்றும் கேட்கவேண்டும். அதற்கு விடையில்லாத திட்டம், இசைவுப் படிவம் எவ்வளவு செம்மையாக இருந்தாலும், ஒப்புதல் பெறத் தகுதியற்றது.