எளிமையும் புறக்கணிப்பும்

இறந்தவரை நினைவுகூர எவ்வளவு கல் வேண்டும்? முகலாயர் குடும்பமே இதற்கு இரு விடைகள் தந்தது. 1631இல் புர்ஹான்பூரில் பிரசவத்தின்போது இறந்த தம் மனைவி மும்தாஜுக்காக, மறு ஆண்டே ஆக்ராவில் ஷாஜகான் தாஜ்மகாலைத் தொடங்கினார். பெருவாசல், தோட்டம், பள்ளிவாசல் எல்லாம் சேர்ந்த அந்த வளாகம் முடிய ஏறத்தாழ 20 ஆண்டுகள் பிடித்தன. அவருடைய மகன் ஔரங்கசீப்போ 1707இல் இறந்தபின், குல்தாபாதில் ஒரு சூஃபி தர்காவின் முற்றத்தில், கூரையில்லாத எளிய கல்லறையில் அடக்கமானார். கல்லறைமேல் கட்டடம் எழுப்புவதைத் தடுக்கும் நபிமொழிக்கு மகனே நெருங்கி நின்றார்.

அப்படியானால் தாஜ்மகால் வெறும் ஆடம்பரமா? தாஜ்மகாலுக்காக வாதிடுவோர் சொல்வதில் நியாயம் உண்டு. பெருவாசலில் பொறித்த குர்ஆன் வசனங்கள் அமைதியடைந்த ஆன்மாவைச் சொர்க்கத்துக்கு அழைக்கின்றன. பராமரிப்புக்கென 30 கிராமங்களின் வருவாய் வக்ஃபாக ஒதுக்கப்பட்டது. அழகும் வழிபாடாகலாம். என் மறுப்பு அழகின் மீதல்ல. எழுத்தணிக் கலைஞர் அமானத் கான் தம் பெயரை அங்கே பொறித்தார். கல் செதுக்கியோர் விட்டுச் சென்றவை சில குறிகள் மட்டுமே. கல் சுமந்தோருக்கு அதுவும் இல்லை. மரணம் அழித்த ஏற்றத்தாழ்வைச் சமாதி மீண்டும் கட்டியெழுப்புகிறது என்பதே குறை.

இலங்கை மலையகத்தின் அப்புத்தளையில் இந்த ஏற்றத்தாழ்வைக் கண்ணால் காணலாம். புனித அந்திரேயர் ஆலய வளவில் வெள்ளைக்காரர்களின் கல்லறைகள் பெயரும் ஆண்டும் தாங்கி நிற்கின்றன. காடழித்துத் தேயிலை நட்டு, 1890இல் தம்பேதன்னை தொழிற்சாலை எழ உழைத்த தமிழர்களோ தேயிலைக்கே உரமானார்கள். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியபோது, சிலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. உடல் அழியக்கூடியது, அதற்குக் கல்லறை எதற்கு என்று நம் சமயங்களைக் காட்டிச் சிலர் கேட்பார்கள். உண்மைதான், ஆனால் துறவு என்பது இருப்பதை விடுவது. ஔரங்கசீப் எளிமையைத் தேர்ந்தெடுத்தார். தோட்டத் தொழிலாளிக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் தரப்படவில்லை. முன்னது அறம்; பின்னது அநீதி. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் ஆன்மீகம், அநீதிக்குத் திருநீறு பூசுவதாகும்.

பளிங்கு மண்டபம் வேண்டாம். தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவேடுகளான பழைய செக்ரோல்களிலும் இறப்புப் பதிவுகளிலும் எஞ்சியிருக்கும் பெயர்களைத் திரட்டி, ஒவ்வொரு தோட்டத்துக் கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் பொறித்து வைப்போம். உங்கள் வீட்டு முதியவருக்குத் தெரிந்த பெயர்களை இன்றே எழுதி வையுங்கள்.