இன்றைக்கா, நாளைக்கா?

பிரான்ஸ் தேசத்தின் தென்மேற்கே, தோர்தோன் நதி வளைந்து வளைந்து செல்லும் பெரிகோர் பிரதேசத்தில், கோடைகாலச் சந்தையில் முலாம்பழம் வாங்கப் போனால், மதியத்துக்கா, இரவுக்கா, நாளைக்கா என்று கேட்டறிந்து, காம்படியை அழுத்தியும் முகர்ந்தும் பார்த்து, அந்த வேளைக்குப் பக்குவமாகும் பழத்தையே வியாபாரி எடுத்துக் கொடுக்கிறார். கூடாரத்தில் தங்கி ஊர் ஊராகச் சுற்றிய எனக்கு, அது வியாபாரக் கேள்வியாக மட்டும் தோன்றவில்லை. நமக்கு எது, எவ்வளவு, எப்போது வேண்டுமென்று தெரிந்துதான் வாழ்கிறோமா என்று என்னையே கேட்டுக்கொள்ளச் செய்தது.

கூடாரத்தில் அலமாரி கிடையாது. வாங்கியது அன்றே தீரவேண்டும். ஆகவே ஒரு ரொட்டி, ஆட்டுப்பாலில் செய்த சிறு பாலாடைக்கட்டி, இரண்டு தக்காளி என்று வாங்கி, நாளையைப் பற்றிய கவலையின்றி உறங்கினேன். இதை வைராக்கியம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. சார்லாவில் புதனும் சனியும், மோன்பாசியேயில் வியாழன், இஸிஜாக்கில் ஞாயிறு என்று ஊர்கள் தம்முள் கிழமைகளைப் பகிர்ந்துகொண்டு சந்தை கூட்டுவதால் பிறந்த நிச்சயமே அது. அந்த மோன்பாசியே, இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் அரசர் அக்கித்தேன் பிரதேசத்தின் கோமகனாயும் இருந்த காலத்தில், 1284-இல் அமைக்கப்பட்ட ஊர். நேர்நேரான வீதிகள், நடுவே சதுக்கம், அதைச் சூழ்ந்து வளைவுகள் தாங்கிய நடைகூடங்கள், ஒரு பக்கத்தில் தானியம் அளந்த பழைய அளவைகள் இன்றும் காணப்படும் மரக்கூரைச் சந்தை மண்டபம். சந்தையை நெஞ்சிலே வைத்து ஊரைக் கட்டியவர்களின் விவேகத்தை நான் வெகுநேரம் நின்று வியந்தேன்.

ஆனால் அங்கே விற்க வரும் விவசாயிகளே அன்றன்றைக்கு வாழ்கிறவர்கள் அல்லர். இலையுதிர் காலத்தில் திரட்டிய அக்ரூட் கொட்டையை உலர்த்தி வைக்கிறார்கள். வாத்திறைச்சியை அதன் கொழுப்பிலேயே சமைத்துக் குளிர்காலத்துக்கென்று ஜாடிகளில் பத்திரப்படுத்துகிறார்கள். அவர்களுடைய சேமிப்புக்கு ஒரு பருவம் உண்டு, ஒரு கணக்கு உண்டு. பயத்தினால் வாங்கிக் குவித்து, பிறகு மறந்துபோகும் நம் சேமிப்புக்கு இரண்டும் இல்லை.

இது வசதி படைத்த பிரயாணியின் தத்துவம் என்று சிலர் நினைக்கக்கூடும். ஆற்றோரத்தில் நகராட்சி நடத்தும் கூடாரத் திடல்களில் என் அண்டையில் தங்கியிருந்தவர்களோ பெரும்பாலும் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் உழைக்கும் குடும்பத்தார். 1936-இல் லியோன் ப்ளூம் அரசாங்கம் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு கூடிய இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியபோது, இவர்களைப் போன்றவர்களே சைக்கிளிலும் ரயிலிலும் கிராமங்களையும் கடற்கரைகளையும் முதன்முறையாகக் காணப் புறப்பட்டார்கள். அவர்களுடைய சந்ததியார் காலையில் சந்தையை நிதானமாகச் சுற்றி, பேசி, தேர்ந்து, ஒருவேளைக்குரியதை மட்டும் கூடையில் இட்டுத் திரும்புவதைப் பார்த்தபோது, அளவாக வாங்குவதற்குப் பணத்தைக் காட்டிலும் அவகாசமே முக்கியம் என்றும், அது கிட்டாததனாலேயே விடுமுறை நாளில் ஒரே மூச்சில் வாரி நிறைக்கிறோம் என்றும் உணர்ந்தேன். சம்பளத்தோடு கூடிய அவ்விடுமுறை அந்நாட்டில் 1982-இல் ஐந்து வாரமாக வளர்ந்துவிட்டது. மற்ற 47 வாரங்களிலும் மனிதன் சந்தைக்கு நடந்து போய்வர ஒரு காலைப்பொழுதாவது மிஞ்சும்படி வேலையை வகுத்துக்கொள்ள நம்மால் ஏன் முடியவில்லை என்பதே இப்போது என்னை விடாமல் தொடரும் விசாரம்.