அத்தோவின் ஊர்

டொராண்டோவில் ஒரு கோடைச் சந்தையில் மகள் 'ஹவாய் ஹாட் டாக்' வாங்கி வந்தாள். சாசேஜின் மேல் பொடியாக நறுக்கிய அன்னாசி, மாம்பழம், கொஞ்சம் தேங்காய்த் துருவல். ஒரு கடி கடித்துவிட்டு, "ஹவாய்ல இதைச் சாப்பிடுவாங்களாப்பா?" என்றாள். அன்னாசி போட்டால் எதற்கும் அந்தப் பெயரை வைத்துவிடுவார்கள் என்று சிரித்தேன். ஹவாய் பீட்சாவே இதே ஒன்டாரியோவில், 1962இல், சாம் பனோபுலோஸ் என்ற கிரேக்கர் செய்ததுதான். பெயர் அன்னாசி டின்னில் ஒட்டியிருந்தது.

"அப்போ நம்ம அத்தோ?" என்றாள்.

அத்தோவைச் சென்னையில் பர்மா பஜார் பக்கம்தான் சாப்பிட வேண்டும். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோவை நொறுக்கிப் போடுவார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். 1964இல் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த அப்பா வாரம் ஒருமுறை அங்கே எங்களைக் கூட்டிப்போவார். தட்டைக் காலி செய்துவிட்டு, தவறாமல் சொல்வார்: "இது அத்தோ இல்ல."

அவர் வளர்ந்த பபேடானுக்கு 2018இல் போனேன். 1871இல் தமிழர்கள் கட்டிய காளி கோயிலுக்கு அருகே, தெருவோரக் கடைக்காரம்மாவிடம் "அத்தோ" என்றேன். அவர் அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தார். பர்மியத்தில் அதற்குக் கலந்து பிசைந்தது என்றுதான் பொருள். நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் போய் 'பொரியல்' என்று மட்டும் கேட்டதுபோல் ஆகிவிட்டது. இஞ்சியா, தேயிலையா, நூடுல்ஸா? நான் விழித்தேன். கடைசியில் ஒரு சமோசாவைக் கத்தரிக்கோலால் வெட்டி, முட்டைக்கோஸும் புதினாவும் சேர்த்துப் பிசைந்து கொடுத்தார். நாம் கொண்டுபோன சமோசா அது. இது சமோசாவே இல்லை என்று அங்கே யாரும் முறையிட்டதாகத் தெரியவில்லை.

மகளிடம் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருந்தது. இழந்தவன் ஞாபகத்துக்காக வைத்துக்கொள்ளும் ஊர்ப்பெயர் வேறு, எடுத்தவன் விற்பனைக்காக ஒட்டும் ஊர்ப்பெயர் வேறு. ஹவாயின் அரசி லிலியுஒகலானியை 1893இல் கவிழ்த்தார்கள். 1898இல் அமெரிக்கா தீவுகளைச் சேர்த்துக்கொண்டது. 1901இல் அங்கே அன்னாசி நிறுவனம் தொடங்கிய ஜேம்ஸ் டோல், கவிழ்ப்புக்குப் பின் ஆட்சித் தலைவராக இருந்த சான்ஃபோர்ட் டோலின் உறவினர். அன்னாசியே அந்த மண்ணின் பழமல்ல, தென்னமெரிக்காவிலிருந்து போனது. எங்கள் கதையோ நேரெதிர். நே வின் அரசு கடைகளை எடுத்துக்கொண்டது, 50, 100 கியாட் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாமல் போயின. அப்பா கையில் கொண்டுவந்தது நாக்கின் ஞாபகம் ஒன்றைத்தான்.

சொல்ல வாயெடுத்தபோது இன்னொரு கணக்கு நினைவுக்கு வந்தது. 1930களின் இறுதியில், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி விளைநிலம் செட்டியார்கள் கைக்குப் போயிருந்தது. கடனுக்கு ஈடாகப் போன நிலம். அந்த உழவனின் பேரனுக்கு, அன்னாசிக்காரனும் நாமும் ஒரே வரிசையில் நிற்பவர்களாகத்தான் தெரிவோம். அப்பாவுக்கு வெற்றிலைக் கடைதான் இருந்தது, ஒரு குழி நிலம் கிடையாது. அது உண்மை. ஆனால் வெள்ளைக்காரன் திறந்துவிட்ட அதே கதவு வழியாகத்தான் தாத்தாவும் உள்ளே போனார். என் அத்தோவை மன்னித்து அவள் ஹாட் டாக்கைச் சிரிப்பதற்கு, அத்தோ என்னுடையது என்பதைத் தவிர வேறு காரணம் இருக்கிறதா? இருக்கிறது என்றுதான் இன்னும் நினைக்கிறேன். முன்பிருந்த உறுதி இல்லை.

மகளுடைய வகுப்பில் ரங்கூனிலிருந்து வந்த ஒரு பெண் படிக்கிறாள். சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறாள், அத்தோ செய்து கொடுக்கப் போகிறாளாம் இவள்.

"அவகிட்ட இதை என்னன்னுப்பா சொல்றது?"

"புளித்தண்ணியைக் கொஞ்சம் தாராளமா ஊத்து" என்றேன்.