விலை அறிந்தோரும் அறியாதோரும்

போட்டியில்லாத வாணிபம் இல்லை. ஆனால் போட்டியிடும் இருவரில் ஒருவர் கண்களைத் திறந்துகொண்டும், மற்றவர் கண்கள் கட்டப்பட்டும் ஓடினால், வென்றவரைத் திறமைசாலி என்று நாம் பாராட்டலாமா? கடைவீதியே கைப்பேசிக்குள் வந்துவிட்ட இந்நாளில், சிறுதொழில் செய்வோரின் வாழ்வு இக்கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்தை எடுத்துக்கொள்வோம். மணிமுத்தாற்றின் கரையிலுள்ள அப்பழம்பதிக்குப் பீங்கான் தொழில் இன்னொரு பெயரை ஈட்டித் தந்தது. செராமிக் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் அங்கு உள்ளன. பொம்மை, அகல் விளக்கு, மின்சாரப் பியூஸ் கட்டை என அவ்வூர்ச் சிறு பட்டறைகளில் பிறந்த பொருள்கள் பல. மண்கூழை அச்சில் ஊற்றி, உலர்த்தி, மெருகு பூசி, ஆயிரம் பாகைக்கும் மேலான வெப்பத்தில் சுட்டெடுக்க வேண்டும். சூளையில் வெடித்த பொருளுக்கும் எரிபொருள் செலவு உண்டு. விற்காத பொருளுக்கும் கூலி உண்டு.

மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் எம்.சி.பி. சுவிட்சுகள் வீடுதோறும் வந்தபோது, பீங்கான் பியூஸ் கட்டையின் தேவை சுருங்கியது. குஜராத்தின் மோர்பி நகரம் பெரும் ஆலைகளை நிறுவி ஓட்டுக்கற்களை நாடெங்கும் அனுப்புகிறது. இவற்றால் சிறியோர்க்கு இழப்பு நேரலாம். ஆயினும் இவற்றை அநீதி என்று சொல்வதற்கில்லை. மேலான பொருளும் மேலான சூளையும் வெல்வது இயல்பு.

இணையச் சந்தையின் நிலை வேறு. எந்த ஊரில், எந்தப் பொம்மை, என்ன விலைக்கு, எத்தனை விற்றது என்பதையெல்லாம் சந்தையை நடத்தும் நிறுவனம் அறியும். பொம்மையைச் செய்தவரோ, தம் பொருள் திரையில் ஏன் பின்னுக்குத் தள்ளப்பட்டது என்பதைக்கூட அறியார். இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் வெளியிட்ட இணைய வணிக ஆய்வு, நடுநிலையின்மை, ஒருதலையான ஒப்பந்த விதிகள், அளவிறந்த தள்ளுபடி ஆகியவை பற்றிய விற்பனையாளர்களின் குறைகளைப் பதிவு செய்தது.

கிராமத்திலிருந்து சரக்குடன் வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியே இடைமறித்து, சந்தை விலை தெரியுமுன்னரே வாங்கிக்கொள்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்து விலையறிந்தபின் அவ்விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையும் பெற்றார். இங்கே தடுக்கப்பட்டது இலாபமன்று, போட்டியுமன்று. ஒருவரின் அறியாமையை மற்றவர் மூலதனமாக்கிக்கொள்வதே தடுக்கப்பட்டது. இன்றைய சந்தையை அளக்கவும் இதனினும் நேரிய கோல் வேண்டுமோ?

"விலை குறைந்தால் ஏழை வீட்டிலும் விளக்கெரியுமே" எனச் சிலர் கேட்கலாம். உண்மைதான். எரிபொருளை மிச்சப்படுத்தும் சூளையால் விலை குறைந்தால் அது அனைவர்க்கும் நன்மை. அடுத்த பட்டறைக்காரரைவிட ஒரு ரூபாய் குறைத்துக் கேட்டு, அந்த ரூபாயைத் தொழிலாளியின் கூலியிலிருந்து எடுத்தால், அது மலிவன்று. பிறர் சோற்றில் கைவைப்பதாகும். அண்டைப் பட்டறைகள் இவ்வாறு ஒன்றையொன்று அரித்துக்கொண்டால், இறுதியில் எஞ்சுவது வாங்குவோரின் பலம் மட்டுமே.

ஆகவே சிறியோரின் உபாயம் விலைக்குறைப்பில் இல்லை. அறிவைப் பொதுவாக்குவதில் இருக்கிறது. உடைசலும் திரும்பிவரும் சரக்கும் தரகும் சேர்ந்த அடக்கவிலையை ஒவ்வொருவரும் எழுதி வைத்தல் வேண்டும். உடையாமல் கட்டும் முறையைக் கூடிக் கற்றல் வேண்டும். நேரில் வாங்குவோரின் தொடர்பைக் காத்து, ஒரே வாசலை நம்பியிராமை வேண்டும். அரசுத் துறைகளுக்கு விற்க 2016-இல் தொடங்கிய ஜெம் தளமும் ஒரு வாசலே. 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, ஒப்பந்தம் எதுவாயினும் சரக்கை ஏற்ற 45 நாளுக்குள் பணம் தரப்பட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி சேரும். ஆனால் தனியொருவர் இவ்வுரிமையைக் கேட்டால் அடுத்த ஆர்டர் வராதோ என்று அஞ்சுவார். பலர் கூடிக் கேட்டால் அச்சம் குறையும்.

இவ்விடத்தில் நம்மையும் நாம் விசாரித்துக்கொள்ள வேண்டும். நம் குடும்பங்களில் கடை நடத்துவோர் பலர். பெரு நிறுவனங்களின் திரைமறைவைக் கண்டிக்கும் நாம், "அடுத்தவர் இதைவிடக் குறைத்துத் தருகிறாரே" என்று இல்லாத விலையைச் சொல்லிப் பட்டறைக்காரரைப் பணிய வைக்கிறோமா? கையில் பணமிருந்தும் பாக்கியை நாற்பத்தைந்து நாள், அறுபது நாள் என்று இழுக்கிறோமா? அவ்வாறாயின், ஊருக்கு வெளியே வணிகரை வழிமறித்து நிற்பவர்களின் வரிசையில் நாமும் நிற்கிறோம். கருவி கணினியா, கணக்குப் புத்தகமா என்பது பெரிதன்று. எதிரில் இருப்பவர் உண்மை விலையை அறிந்தபின்னும் நம்மோடு மனமொப்பி வியாபாரம் செய்வாரா என்பதே கேள்வி.