நாம் நடாத மூங்கில்

"மகராஜ், நான் நடாத ஒன்றுக்கு நான் பொறுப்பாவேனா?"

நான்கு ஆண்டுகளுக்கு முன், திரிபுராவின் தென்பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரான அன்பர் ஒருவர் என்னிடம் இவ்வாறு கேட்டார். தத்துவ வகுப்பில் எழும் கேள்வி போலத் தோன்றினாலும், அவர் கை நீட்டிக் காட்டியது தம் வீட்டின் பின்புறம் அடர்ந்து நின்ற மூங்கில் காட்டை.

அவருடைய தந்தையார் தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து குடிபெயர்ந்து வந்தவர். கிடைத்த நிலத்தின் எல்லையில், வேலிக்கும் வீட்டுச் சுவருக்கும் உதவும் என்று முலி மூங்கிலை நட்டார். நம்மில் பலர் கண்டிருக்கும் மூங்கில் ஒரே புதராக, நின்ற இடத்திலேயே பெருகும். முலி அப்படிப்பட்டதன்று. அதன் கிழங்கு மண்ணுக்குள் நீண்ட கழுத்தை நீட்டி, ஓரிரு அடி தள்ளி, சில வேளை அதற்கும் அப்பால் சென்று புதிய தண்டை எழுப்பும். எல்லைக்கல்லை அது அறியாது. தந்தையார் காலமாகி இருபது ஆண்டுகளுக்குள், பக்கத்து நிலத்தில் கணவனை இழந்த ஓர் அம்மையார் மஞ்சளும் இஞ்சியும் பயிரிட்டு வந்த பாத்திகளில் பாதியை அது விழுங்கிவிட்டது. அந்த அம்மையார் வந்து முறையிட்டார். ஆசிரியர் சொன்ன பதில் இது: "நான் நடவும் இல்லை, உங்கள் நிலத்துக்கு அனுப்பவும் இல்லை. பிரகிருதி தன் வேலையைச் செய்கிறது."

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தை முறையாகப் பாடம் கேட்டவர் அவர். செயல்கள் யாவும் பிரகிருதியின் குணங்களால் நிகழ்கின்றன, அகங்காரத்தால் மயங்கியவனே தன்னைக் கர்த்தா என்று எண்ணுகிறான் என்னும் உபதேசத்தையே அவர் அந்த அம்மையாரிடம் எடுத்துக் கூறியிருந்தார். அவர் சொன்னதில் சாஸ்திரப் பிழை ஏதுமில்லை. அதுவே எனக்குக் கவலை அளித்தது. "நான் செய்தேன்" என்ற செருக்கைக் கரைப்பதற்காகத் தரப்பட்ட மருந்து, அண்டை வீட்டாரின் நஷ்டத்தைத் தடுத்து நிறுத்தும் கேடயமாக அவர் கையில் மாறியிருந்தது.

திரிபுராவின் மூங்கில் நெடுங்காலமாக ஊதுவத்திக் குச்சிக்குப் போகிறது. நாம் பூஜையறையில் ஏற்றும் வத்தியின் உள்ளே இருப்பது அந்த மண்ணில் வளர்ந்ததாக இருக்கக்கூடும். "வியாபாரி வரும்போது எல்லைக்கு அப்பால் நிற்கும் கழிகளை யார் வெட்டி விற்கிறார்கள்?" என்று கேட்டேன். சற்று மௌனமாக இருந்தபின், "நான்தான்" என்றார். வருமானத்துக்கு ஒரு கர்த்தா இருந்தார். சேதத்துக்குத்தான் இல்லை. கர்த்ருத்வத்தைத் துறப்பதென்றால் பலனில் தொடங்க வேண்டும். பழியை மட்டும் முதலில் துறப்பவனுக்கு வேதாந்தம் சாட்சி சொல்ல வராது.

அவர் மீது குற்றம் இல்லை என்பது உண்மையே. குற்றத்தைத் தேடும்போது, செயலுக்குப் பின்னே எத்தகைய எண்ணம் நின்றது என்று பார்க்கிறோம். அந்த வகையில் அவருடைய தந்தையார்கூடக் குற்றமற்றவர்தாம். ஆனால் பொறுப்பைத் தீர்மானிக்கும் கேள்வி வேறு. இன்று அந்தக் கிழங்கின் மீது மண்வெட்டி வைக்கும் உரிமை யாருக்கு உண்டு? சொத்து நம்மிடம் வரும்போது அதன் வேர்களும் சேர்ந்தே வருகின்றன.

உண்மையில் அவர் சும்மா இருந்துவிடவும் இல்லை. ஒரு சித்திரை மாதத்தில் ஆள் வைத்துக் காட்டை முழுவதும் வெட்டி, அங்கேயே போட்டுக் கொளுத்தியிருக்கிறார். மழைக்காலத்தில் புதுமுளைகள் முன்னினும் நெருக்கமாக வந்தன. நெருப்பு மண்ணுக்குள் இறங்கவில்லை, சாம்பலோ உரமாயிற்று. இந்நாட்டில் மயான வைராக்கியம் என்று ஒன்றைச் சொல்வார்கள் அல்லவா? சிதையின் முன் நிற்கும்போது எல்லாப் பற்றும் எரிந்துவிட்டது போலிருக்கும். வீடு திரும்பிக் குளித்தவுடன் பசி எடுக்கும். அதே கதைதான்.

வழியைக் காட்டியவர் அவ்வூர்ப் பழங்குடி முதியவர் ஒருவர். மூங்கில் முளை தன் சொந்த இலையால் வளர்வதில்லை. கிழங்கில் முன்பே சேர்ந்த உணவைக் கொண்டு, மழை பெய்த இரண்டு மூன்று மாதங்களில் முழு உயரத்தையும் எட்டிவிடுகிறது. அதன் பிறகே இலை விரிகிறது. அந்த இலை வெயிலில் சமைக்கும் உணவு மீண்டும் கிழங்குக்கு இறங்கி, அடுத்த ஆண்டின் முளைகளுக்கு முதலாகிறது. ஆகவே நிற்கும் கழிகளை எல்லாம் வெட்டிவிட்டு, அதன்பின் எழும் ஒவ்வொரு முளையையும் இலை விரியுமுன் அறுத்துக்கொண்டே வந்தால், கிழங்கு தன் சேமிப்பைச் செலவழித்துச் செலவழித்து இளைத்துப்போகும். முதியவர் இதை இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. "முளையைத் தின்றுவிடு, இலையைப் பார்க்காதே" என்றாராம். அங்கே மூங்கில் முளை விரும்பி உண்ணப்படும் கறி. அம்மையாரின் பாத்திக்குள் மட்டும் கிழங்குகளைத் தோண்டியே எடுக்க வேண்டியிருந்தது, கண் உள்ள ஒரு துண்டு தங்கினாலும் மறுபடி துளிர்க்கும் என்பதால். எல்லை நெடுக இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, ஆண்டுதோறும் அதைக் கடக்க முயலும் கிழங்குகளை அறுத்தார்கள்.

இங்கே சிறிது விலகிச் செல்கிறேன். வெளியே வைரமும் உள்ளே வெறுமையும் கொண்டவற்றைத் தொல்காப்பியர் மரம் என்னாது புல் என்று வகுத்தார். தாவர இயலும் மூங்கிலைப் புல் என்றே சொல்கிறது. ஆனால் 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் அதை மரமாகக் கருதியது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை அந்தக் கணக்கிலிருந்து நீக்க 2017 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. புல் என்று அறிந்தால் ஒரு நன்மை உண்டு: ஒரே வெட்டில் சாய்த்து முடிக்கும் எண்ணம் வராது.

அன்றிரவு உணவுக்குப் பின்னர்தான் அவருடைய உண்மையான கேள்வி வெளிப்பட்டது. அவருடைய தந்தையார் கடுங்கோபக்காரர். அந்தக் கோபம் இவருக்கும் வந்தது. ஒருநாள் அது எல்லை மீறியதில் ஒரே மகன் வீட்டை விட்டுச் சென்றுவிட்டான். ஆறு ஆண்டுகளாகப் பேச்சில்லை. "தீட்சை பெற்று முப்பது ஆண்டுகள் ஜபம் செய்கிறேன். இன்றும் கோபம் முளைக்கிறது. அத்தனையும் வீண்தானா?"

மூங்கில் முளை மண்ணைப் பிளந்து வரும்போதே முழுப் பருமனுடன் வருகிறது. பின்னர் உயரம் கூடும், பருமன் கூடாது. கோபமும் குழந்தையாகப் பிறந்து வளர்வதில்லை, எழும்போதே முழு அளவில் எழுகிறது. அந்த எழுச்சி பழைய சேமிப்பின் வேலை. அதில் தந்தையாரின் பங்கும் இருக்கலாம், முற்பிறவிகளின் பங்கும் இருக்கலாம். இலை எப்போது விரிகிறது? "அவன் என்னை அப்படிச் சொல்லலாமா?" என்று அதை மனத்தில் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்கும்போது. அதற்கு நியாயம் தேடும்போது. முளை நம்மைக் கேட்டு வருவதில்லை. இலை நம் சம்மதத்தோடுதான் விரிகிறது. யோக சூத்திரம் கிலேசங்களை உறங்குபவை, மெலிந்தவை, இடையறுந்தவை, முழுவீச்சில் இருப்பவை என நான்கு நிலைகளில் வைக்கிறது. மெலிதல் என்பதும் ஒரு நிலை என்று அது ஒப்புக்கொள்வது சாதகனுக்குப் பெரிய ஆறுதல். எத்தனை முளை வந்தது என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார். எத்தனை இலை விட்டது என்று எண்ணும்படி கேட்டுக்கொண்டேன்.

காலம் இதைத் தானே தீர்த்துவிடும் என்று நம்புவதற்கும் இடமில்லை. முலி ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, காய்த்து, அடியோடு மடிகிறது. மிசோரத்தில் 1958-59-இலும் 2006-07-இலும் அவ்வாறு நிகழ்ந்தது. அதன் காய்களைத் தின்று பெருகிய எலிகள் வயல்களுக்குள் புகுந்ததால், முதல் முறை கொடிய பஞ்சம் உண்டாயிற்று. மலை முழுவதும் மூங்கில் செத்துக் கிடப்பதைப் பார்ப்பவர் அத்துடன் முடிந்தது என்றே எண்ணுவார். ஆனால் அதன் விதைகள் அடுத்த மழையில் நாற்றங்கால் போல எழுகின்றன. மரணத்தால் வாசனைகள் தீர்ந்துவிடும் என்று எண்ணுபவர் இதைச் சற்றுச் சிந்திக்கலாம்.

உவமை ஓரிடத்தில் நொண்டுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோட்டத்தில் அறுப்பவன் வேறு, மூங்கில் வேறு. மனத்திலோ கத்தியும் கிழங்கும் ஒரே மண்ணில் கிடக்கின்றன. வறுத்த விதை முளைக்காது என்று ஞானத்துக்கு உவமை கூறும் நூல்கள் இந்த இடத்துக்கான பதிலைத் தருகின்றன. ஆனால் அந்த நெருப்பு வாய்க்கும் வரை, ஆடி மாத மழையில் குனிந்து முளை அறுப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. இது அவருக்கு மட்டும் சொன்னதன்று.

சென்ற ஆண்டு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எல்லைக்கு அப்பால் அந்த மழையில் ஒரு முளையும் இல்லையாம், இப்புறம் ஐந்து. பள்ளத்தைத் தாமே தூர் எடுக்கிறார். பழைய கழிகளின் கணக்கைப் பார்த்து அந்த அம்மையாருக்குப் பணம் கொடுத்திருக்கிறார். முதலில் மறுத்தவர், பிறகு விதை மஞ்சள் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் பெற்றுக்கொண்டாராம். மகனுக்கு எழுதியிருப்பதாகவும், துர்க்கா பூஜைக்கு வரப் பார்க்கிறேன் என்று அவன் பதில் அனுப்பியிருப்பதாகவும் கடைசி வரியில் இருந்தது. வந்தானா என்பது எனக்கு இன்னும் தெரியாது.