சிவப்புப் பூவா, வெள்ளைப் பூவா?

பொட்டலம் இரண்டு. ஒன்றிலே சிவப்பு அரளி, மற்றொன்றிலே வெள்ளை. ஒரே அளவு, ஒரே இலை, ஒரே நூல். அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டியபின், ஒன்றும் அறியாத குழந்தை ஒன்றை அழைத்து, "ஒண்ணை எடு, கண்ணு" என்பார்கள். குழந்தை எடுக்கும். பெரியவர்கள் நடுங்கும் விரலால் நூலைப் பிரிப்பார்கள். கிணறு வெட்டலாமா, நிலத்தை விற்கலாமா, பெண்ணைக் கொடுக்கலாமா? பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துச் சிற்றூர்களிலே எத்தனையோ குடும்பங்களின் எதிர்காலம் அந்தப் பொட்டலங்களிலே அடங்கிக் கிடந்ததுண்டு, இன்றும் கிடக்கிறது. பூக்கட்டிப் பார்த்தல் என்பது அதன் பெயர்.

ஏளனம் செய்ய எழுதவில்லை. வானம் பார்த்த பூமி இது. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைவிக்கும் உழவனுக்கு நாளைய மழையும் தெரியாது, நாளைய விலையும் தெரியாது. தெரியாத ஒன்றின் முன் நிற்கும்போது நடுங்காதவன் எவன்? நடுங்கும் கை எதையேனும் பற்றத்தான் செய்யும். அது பூப்பொட்டலமாக இருப்பதைக் கண்டு சிரிப்பவன், அந்த நடுக்கத்தை அறியாதவன்.

ஆனால், சென்ற கோடையில் என் மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி என்னை உறங்கவிடவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பிலே நல்ல மதிப்பெண் பெற்றவள். திருச்சிக் கல்லூரியொன்றில் இடம் கிடைத்தது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். அதே வாரத்தில் உறவிலே ஒரு வரனும் வந்தது. தந்தை குழம்பினார். ஊர் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளை வந்தால் படிப்பு, சிவப்பு வந்தால் கல்யாணம். சிவப்பு வந்தது. "ஆத்தா சொல்லிட்டா, சார். இனி நாம பேச என்ன இருக்கு?" என்றார் என்னிடம். நானும் பேசவில்லை. வீட்டு விவகாரம், நமக்கு ஏன் வம்பு என்ற எண்ணம். பகுத்தறிவு பேசும் வாய் அன்று பூட்டிக்கொண்டது.

மாணவிதான் கேட்டாள்: "சார், ஆத்தா சிவப்பைக் கொடுத்தாள் என்றே வைத்துக்கொள்வோம். சிவப்பு என்றால் கல்யாணம் என்று சொன்னது யார்?"

எண்ணிப் பாருங்கள். கேள்வியை வகுத்தவர் தந்தை. வழி இரண்டே என்று முடிவு கட்டியவரும் அவர். எந்தப் பூவுக்கு எந்தப் பொருள் என்று விதித்தவரும் அவரே. படித்து முடித்தபின் மணம் என்பதற்கு ஒரு பொட்டலம் கட்டப்படவில்லை. அவளையே கேட்டுப் பார்க்கலாம் என்பதற்கும் ஒரு பொட்டலம் இல்லை. கட்டாத பொட்டலத்தை எந்தத் தெய்வம் எடுத்துக் கொடுக்கும்? அத்தனையும் மனிதன் வேலையாக இருக்க, விடையை மட்டும் தெய்வத்தின் பெயரில் எழுதுகிறோம். விடையை எழுதும்போதே பொறுப்பையும் சேர்த்து எழுதிவிடுகிறோமே, அதுதான் எனக்கு அச்சமூட்டுவது. நாளை அவள் வாழ்வு கசந்தால் தந்தை யாரிடம் மன்னிப்புக் கேட்பார்? கேட்க வேண்டியதே இல்லை. ஆத்தா சொன்னாள், முடிந்தது!

அடியார் ஒருவர் குறுக்கிட்டுச் சொல்லக்கூடும்: "பூப்பொட்டலம் பாமரர் வழக்கம், தம்பி. நாங்கள் உள்ளத்திலே இறைவன் காட்டும் வழியை நம்புகிறோம்." நன்று. ஆனால் உள்ளத்திலே ஒலித்தது இறைவன் குரலா, நம் ஆசையின் குரலா என்று எப்படிப் பிரித்தறிவது?

இந்தக் கேள்வி ஆபிரகாம் லிங்கனுக்கும் வந்தது. 1862 செப்டம்பர் 13-இல் சிகாகோ நகரத்துப் பாதிரிமார் அவரைக் கண்டு, அடிமைகளை விடுவிப்பதே ஆண்டவன் திருவுளம் என்று வற்புறுத்தினர். லிங்கன் சொன்ன மறுமொழியின் கருத்து இது: ஒன்றுக்கொன்று நேர்மாறான கருத்துடைய சமயவாதிகள் என்னிடம் வருகிறார்கள், தத்தம் கருத்தே ஆண்டவன் கருத்து என்பதில் அவர்கள் எல்லோரும் சமமான உறுதியோடு இருக்கிறார்கள். என் கடமை பற்றிய செய்தியை ஆண்டவன் பிறருக்கு அறிவிப்பானாயின், எனக்கே நேரில் அறிவிக்கலாமே! இது அற்புதங்களின் காலமன்று. கண்ணெதிரே உள்ள உண்மைகளை ஆராய்ந்து, எது இயலும், எது தகும் என்று நானே காண வேண்டும்.

கதையை இங்கேயே நிறுத்திவிட்டால் நமக்கு வசதிதான். ஆனால் நேர்மையன்று. ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 22-இல், விடுதலை அறிவிப்பை வெளியிடப்போவதாகத் தம் அமைச்சரவையில் கூறியபோது, எதிரிப்படை மேரிலாந்திலிருந்து விரட்டப்பட்டால் இதைச் செய்வதாக ஆண்டவனிடம் உறுதி பூண்டிருந்தேன் என்று அதே லிங்கன் சொன்னார். கடற்படை அமைச்சர் வெல்சின் நாட்குறிப்பு அதைப் பதிவு செய்திருக்கிறது. அப்படியானால் அவரும் பூக்கட்டிப் பார்த்தாரா? அப்படி நான் எண்ணவில்லை. அறிவிப்பின் வரைவை அமைச்சரவைமுன் அவர் படித்தது ஜூலை 22-இல். எது நீதி என்று அதற்கு முன்பே முடிவு கண்டுவிட்டார். பின்னர் வந்தது எப்போது என்ற கேள்வியும் அதற்கு வேண்டிய துணிவும். துணிவுக்குத் தெய்வத்தை நாடுபவனோடு எனக்கு வழக்கில்லை. முடிவை ஆராய்ந்து கண்டபின் அவன் கைகூப்பட்டும். ஆராயாமலிருக்கக் கைகூப்புபவனோடுதான் வழக்கு.

வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியவர்தாம். ஆயினும் 'தெரிந்து செயல்வகை' வகுத்தபோது, இழப்பையும் ஆக்கத்தையும் எடைபோடச் சொன்னாரேயன்றி, குறி கேட்டு வா என்று மன்னனை அனுப்பவில்லை.

தொலைவுக்கு ஏன் போகவேண்டும்? நம் அரியலூரே போதும். பச்சைமலையில் பிறந்து, பெரம்பலூர்ச் சீமையைக் கடந்து கொள்ளிடம் சேரும் மருதையாறு, ஆண்டில் பல திங்கள் மணல் மட்டுமே காட்டும் ஆறு. 1956 நவம்பர் 23, விடியுமுன், பெருமழையில் அது பொங்கியது, பாலம் சிதைந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கி வந்த விரைவு வண்டி ஆற்றில் கவிழ்ந்தது. மாண்டோர் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர். அன்று அந்த வண்டியைத் தவறவிட்டவர் ஒருவர் இருந்தால், ஆண்டவன் வழிகாட்டிக் காத்தான் என்று உருகியிருப்பார். உருகட்டும். வண்டியைத் தவறவிடாமல் ஓடிவந்து ஏறிய தாய்க்கு வழிகாட்டியவன் யார்?

மழை வானத்து வேலை, ஊழின் வேலை என்று சொல்லி ஒதுங்க அன்று எல்லா வாய்ப்பும் இருந்தது. இரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி அந்தப் பாலத்தைக் கட்டியவரல்லர், வண்டியை ஓட்டியவருமல்லர். ஆயினும் விலகினார். அதே ஆண்டில் மகபூப்நகர் அருகே நேர்ந்த விபத்தின்போதே விலக முன்வந்தவர் அவர். நேரு அன்று ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றார். சாஸ்திரிமீது குற்றமில்லை, எனினும் இது ஒரு முன்மாதிரியாக நிற்கவேண்டும் என்று நாடாளுமன்றத்தில் காரணமும் கூறினார். 1957 தேர்தலில் முதன்முறையாகக் களம் புகுந்த நம் இயக்கம், துணையமைச்சர் அழகேசனைப் பெயர் சொல்லியே மேடைதோறும் கேள்வி கேட்டது. விதியைக் கேட்டுப் பயனில்லை, மனிதனைத்தான் கேட்கவேண்டும் என்பதை அந்தத் தேர்தலில் நம் ஊர் கற்றது. மாற்றுக் கட்சிக்காரர்தாம் சாஸ்திரி. ஆனாலும் அந்தக் கேள்விக்குத் தலை கொடுத்தவர் என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

இதையெல்லாம் எண்ணியபடி ஒரு மாலை அந்தத் தந்தையின் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் அமர்ந்து, பெண் கேட்ட கேள்வியை அவரிடம் சொன்னேன். நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, சினமின்றி, என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்: "அங்க அவளுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா நீங்க பொறுப்பு ஏத்துக்குவீங்களா, சார்?"

மேடையில் கைதட்டல் வாங்கித் தரும் விடைகள் பல என்னிடம் இருந்தன. ஒன்றும் நாவில் வரவில்லை. அவர் ஆத்தாவிடம் கேட்டது வழியை அன்று. பொறுப்பைச் சுமக்க ஓர் ஆளை. அந்த ஆள் அவ்வளவு நாளும் வாய்பூட்டி அடுத்த தெருவிலே இருந்தான்.

"என்னால் முடிந்த அளவுக்கு ஏற்கிறேன், ஐயா. விடுதியை நாமே நேரில் போய்ப் பார்ப்போம். பெண்ணும் வரட்டும்" என்றேன்.

திங்கட்கிழமை மூவரும் பேருந்து ஏறினோம். வண்டி சிறுவாச்சூரில் நின்றபோது, மதுரகாளியம்மன் கோயில் இருக்கும் திசை நோக்கி அவர் கைகூப்பினார். பெண் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. விடுதியில் அறையைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், இரவுக் காவலரிடம் கால்மணி நேரம் பேசினார், சோறு எப்படி என்று அங்கிருந்த பெண்களையே கேட்டார். படிவத்தில் பெற்றோர் கையொப்பத்துக்கு ஓர் இடம் இருந்தது. பேனாவை என்னிடம் வாங்கிக்கொண்டு, "ஏம்மா, உனக்குச் சம்மதந்தானே?" என்று மகளைக் கேட்டார்.